கையெழுத்துப் போடும் முன்: கொல்லிமலைத் தேவனூர் நாட்டு மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



சாமை வாங்க ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்து போனதையும், மூன்று வருஷத்துக்கான ஒப்பந்தக் காகிதத்தை உங்களிடம் விட்டுப் போனதையும் அம்மா போனில் சொன்னார். காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் படித்துவிட்டேன். அதில் முக்கியமாக மூன்று விஷயம் இருக்கிறது. விளைகிற சாமை முழுவதையும் அவர்களுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். உமியோடு மூட்டை மூட்டையாகக் கொடுக்க வேண்டும், குத்துவதும் புடைப்பதும் அவர்கள் பாடு. பாக்கெட்டின் மேல் தேவனூர் நாட்டுப் பெயரையும் உங்கள் போட்டோவையும் போட்டு, உடம்பைக் குறைக்கும் மலை அரிசி என்று விற்றுக்கொள்ள நீங்கள் சம்மதிக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் கையெழுத்து என்கிறார்கள். வாழவந்தி நாட்டுக்கும் குண்டூர் நாட்டுக்கும் இதே காகிதம் நாளைக்குப் போகலாம். அதனால்தான் வீட்டுக் கடிதமாக எழுதாமல் ஊரறிய எழுதுகிறேன். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டத்தில் எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் சேலத்தில் உணவு ஆலோசகராக இருப்பது உங்களுக்குத் தெரியும். காலையில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் ஒரு ஜிம். உடம்பைக் குறைக்க வருகிறவர்களுக்கு என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்று எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கம்பெனி யாருக்கு விற்கப் போகிறதோ அவர்களை நான் தினமும் பார்க்கிறேன். விளைவிக்கிறவர்கள் நீங்கள். இரண்டு பக்கமும் தெரிந்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

கம்பெனியிலிருந்து வந்தவர், உடம்பைக் குறைக்கும் இந்தத் தொழில் இனிமேல் வளர்ந்துகொண்டேதான் போகும் என்று சொன்னாராம். அவர் சொன்னது உண்மை. மத்திய அரசு எடுக்கும் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4 சதவீதமாகிவிட்டது. ஆண்களிலும் 28.2 சதவீதம் 37 சதவீதமாக ஏறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. டவுனில் உட்கார்ந்தே பார்க்கிற வேலை, வாசலுக்கே வந்து நிற்கிற சாப்பாடு, ராத்திரி பதினொரு மணிக்குப் பிரியாணி. இதில் உடம்பு போடாமல் என்ன செய்யும்? ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில் ஜிம்முக்குப் பணம் கட்டுகிறவர் நூறு பேரில் ஒருவர்கூட இன்னும் இல்லை. பணக்கார நாடுகளில் ஐந்து பேரில் ஒருவர் கட்டும் இடங்கள் உண்டு. வியாபாரிகள் கண் வைத்திருப்பது இந்த இடைவெளியில்தான். 2025 செப்டம்பரில் ஜிம்களுக்கான ஜிஎஸ்டியும் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. நாமக்கல்லில், ராசிபுரத்தில், சேந்தமங்கலத்தில்கூட பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் ஜிம்கள் இனி பெருகும். அங்கே வருகிற ஒவ்வொருவரும் முதல் வாரமே கேட்பது, அரிசிக்குப் பதில் என்ன சாப்பிடலாம் என்பதுதான்.

தொழில் வளரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது எந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு வளரும் என்பது பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. நீங்கள் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போவதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1989இல் டெல்லியில் வந்தனா லூத்ரா என்ற பெண்மணி வி.எல்.சி.சி. என்று ஒரு நிலையம் தொடங்கினார். இந்த நாட்டில் உடம்பைக் குறைப்பது ஒரு தொழிலாக ஊர் ஊராகப் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அப்போதெல்லாம் மெஷினில் படுக்க வைத்து இடுப்பைக் குறைக்கிறோம் என்பதுதான் பேச்சு. பிறகு ஜிம் வந்தது. மும்பையில் 1932இல் ஆரம்பித்த தல்வல்கர்ஸ் 2010இல் பங்குச் சந்தைக்கே போனது. நாடு முழுக்கக் கிளை திறந்தது. அதே கம்பெனி 2019இல் கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் தவறி, பிறகு திவால் நடவடிக்கைக்குப் போனது. மக்கள் உடற்பயிற்சியை விட்டுவிடவில்லை, வேறு பெயரில் வேறு ஜிம்கள் வந்துவிட்டன. பிறகு புரோட்டீன் பவுடர், கிரீன் டீ, ஓட்ஸ் என்று போய், ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததோடு சாமைக்கும் தினைக்கும் முறை வந்தது. இப்போது அதற்கடுத்தது வந்தாயிற்று, ஊசி. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற ஊசி மருந்து இந்தியாவுக்கு வந்தது, ஜூனில் வீகோவி வந்தது. வாரம் ஒன்று போட்டுக்கொண்டால் பசி அடங்கிவிடும், எடை இறங்கும். வீகோவியில் இருக்கும் செமாக்ளூடைடு மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன்பின் நம் ஊர்க் கம்பெனிகளே அதைத் தயாரிக்கலாம், விலை இறங்கும். இன்றைக்குச் சாமை கேட்டு என்னிடம் வருகிறவர்களில் ஒரு பகுதி பேர் நாளைக்கு ஊசிக்குப் போவார்கள். அன்றைக்கு உங்கள் கொல்லையில் நிற்கிற கதிரை அந்தக் கம்பெனி என்ன விலைக்குக் கேட்கும்? காகிதத்தில் கீழ்விலை எவ்வளவு என்று எழுதவே இல்லை. சந்தை நிலவரப்படி என்றுதான் இருக்கிறது.

தென்னமெரிக்காவில் பொலிவியா, பெரு நாடுகளின் மேட்டு நிலத்தில் கினுவா என்று ஒரு தானியம். நம் சாமை மாதிரியே மலைக்காரர்களின் சாப்பாடு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதைத் தேடத் தொடங்கினார்கள். 2013ஐ ஐ.நா. சபை கினுவா ஆண்டு என்று அறிவித்தது. விலை மூன்று மடங்கு ஏறியது. ஆடு மேய்த்த நிலத்தையும் உழுது விதைத்தார்கள். உடனே பெரு நாட்டின் கடற்கரைச் சமவெளியில் பெரிய விவசாயிகள் தண்ணீர் பாய்ச்சிப் பயிரிட்டார்கள், வேறு நாடுகளும் இறங்கின. 2015க்குள் விலை சரிந்துவிட்டது. மலையில் இருந்தவர்களிடம் உழுது கெட்ட நிலம்தான் மிஞ்சியது. நம் சாமையும் கொல்லிமலையில் மட்டும் விளைகிற பொருள் இல்லை. ஜவ்வாது மலையிலும் மத்தியப் பிரதேசத்திலும் விளைகிறது. விலை ஏறினால் சமவெளியிலும் விதைப்பார்கள்.

இதை நம் மலையே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் நின்ற சரிவில் குச்சிக்கிழங்கு ஏறியது எப்படி? சேலத்திலும் ஆத்தூரிலும் சேகோ பேக்டரிகள் பெருகின, லாரி ஊருக்குள்ளேயே வந்தது, கையில் மொத்தமாகப் பணம் கிடைத்தது. 1981இல் சேலத்தில் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் தொடங்கியபின் அந்த வியாபாரம் இன்னும் கெட்டிப்பட்டது. கிழங்கால் பிள்ளைகள் படித்தார்கள், ஓட்டு வீடுகள் எழுந்தன, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் படிப்புக்கும் கிழங்குக் காசுதான் போனது. ஆனால் விலையை நிர்ணயித்தது ஒருநாளும் நாம் இல்லை. 2020க்குப் பிறகு மாவுப்பூச்சி வந்து கிழங்குக் காடு சுருண்டபோது, பக்கத்தில் சாமைக் கொல்லை வைத்திருந்த வீட்டுக்கு மட்டும்தான் சாப்பாட்டுக்குக் கவலை இல்லாமல் இருந்தது. கிழங்கு போன வழியில் சாமையும் போகக் கூடாது என்பதுதான் என் முதல் வேண்டுகோள். எல்லாக் கொல்லையையும் ஒரே வியாபாரியை நம்பி மாற்றாதீர்கள்.

இனி பாக்கெட்டின் மேல் எழுதப் போகிற வாசகத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு மனசாட்சிப் பிரச்சினையே இருக்கிறது. நூறு கிராம் சாமை அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. நூறு கிராம் நெல்லரிசியிலும் ஏறக்குறைய அவ்வளவேதான். சாமையை வயிறு முட்ட மூன்று வேளையும் தின்றால் உடம்பு குறையாது. நார்ச்சத்து நெல்லரிசியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதால் கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்த மாதிரி இருக்கும், சீக்கிரம் பசிக்காது, சர்க்கரை சட்டென்று ஏறாது. அதுதான் அதன் பலன். நல்ல பலன்தான். அதைச் சொல்லி விற்கலாம். உடம்பைக் குறைக்கும் அரிசி என்று எழுதி விற்றால், வாங்கிய பெண் இரண்டு மாதம் கழித்து எடை மெஷினில் ஏறிப் பார்த்துவிட்டுத் திட்டப் போவது பாக்கெட்டில் போட்டோவாக இருக்கிற உங்களைத்தான். சட்டமும் இதற்கு இடம் கொடுக்காது. 1954ஆம் வருஷத்து மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம், சில நோய்களுக்கு மருந்து என்று விளம்பரமே செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. உடல் பருமனும் சர்க்கரை நோயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையமும் பாக்கெட் மேல் எழுதுகிற வாசகங்களுக்கு 2018இல் தனி விதி கொண்டுவந்தது. நாளை கேஸ் வந்தால், சம்மதம் கொடுத்தது மகளிர் குழு என்று அவர்கள் உங்கள் கையெழுத்தைத்தான் நீட்டுவார்கள்.

உமியோடு மூட்டையாகக் கொடுங்கள் என்று கேட்பது ஏன் என்று யோசித்தீர்களா? உரலில் சாமை குத்தி உள்ளங்கை காய்த்துப் போன பாட்டிமார்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்த வேலை போனால் போதும் என்றுதான் தோன்றும். நியாயம்தான். அந்தப் பாடு குறையத்தான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களிலிருந்து நம் மலையில் வேலை செய்து, ஊர்ப் பெண்கள் கையிலேயே அரைவை மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள், விதை வங்கியும் வைத்தார்கள். அந்த மெஷினில்தான் காசு இருக்கிறது. நூறு கிலோ சாமையை உமி நீக்கினால் அறுபது கிலோ சொச்சம் அரிசி கிடைக்கும். உமி நீங்கிய அந்த அரிசி, சேலத்துக் கடையில் நீங்கள் மூட்டைக்கு வாங்குகிற விலையைப்போலப் பல மடங்குக்குப் போகிறது. நடுவில் நடப்பது உமி நீக்குவது, கல் பொறுக்குவது, பாக்கெட் போடுவது, இவ்வளவுதான்.

இன்னொரு சங்கதி, இதைக் கடைக்காரர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். சாமை அரிசியின் மேல் ஒரு மெல்லிய தவிட்டுத் தோல் ஒட்டியிருக்கும். கொஞ்சம் மங்கலான சாம்பல் நிறம், விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பசை தெரியும். நார்ச்சத்தும் சத்தும் அதில்தான். ஆனால் அந்த எண்ணெய்ப் பசையால் சில வாரங்களிலேயே அரிசி சிக்கு வாடை அடித்துவிடும். ஆறு மாதம் அலமாரியில் நிற்க வேண்டும் என்று டவுன் மில்லில் அதையும் தீட்டி எடுத்துவிடுகிறார்கள். மல்லிகைப் பூ மாதிரி வெள்ளையாக வருகிறது. சிறுதானியத்தைத் தீட்டத் தீட்ட நார்ச்சத்தும் புரதமும் தாது உப்பும் குறைந்து மாவுச்சத்து ஏறுவதைச் சென்னையில் நீரிழிவு ஆராய்ச்சி செய்கிறவர்கள் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் வருகிற ஒரு அம்மா, மாதக் கணக்கில் சாமைதான் சாப்பிடுகிறேன், சர்க்கரை இறங்கவில்லை என்று பாக்கெட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன், தவிடு என்பது பெயருக்கும் இல்லை. ரேஷன் பச்சரிசியையே அவர் சாப்பிட்டிருக்கலாம்.

உமியோடு இருக்கும் சாமை வருஷக் கணக்கில் கெடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே உமியோடு வைத்திருங்கள், ஆர்டர் வந்த பிறகு உமி மட்டும் நீக்கித் தவிட்டோடு அனுப்புங்கள், குத்திய தேதியைப் பாக்கெட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை புதிதாகக் குத்திய சாமையைச் சேலத்தின் நூறு வீட்டுக்கு அனுப்ப முடிந்தாலே போதும், நீங்கள் அந்தக் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுப்பதைவிட அதிகம் மிஞ்சும். பெரிய கம்பெனியால் இது முடியாது, மலையில் மெஷின் வைத்திருக்கிற உங்களால் முடியும். ஆள் தேடும் வேலையை நான் பார்க்கிறேன்.

விதையைப் பற்றிக் காகிதத்தில் ஒரு வரிதான் இருக்கிறது, நிறுவனம் தரும் விதையையே பயன்படுத்த வேண்டும் என்று. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலாச் சாமை, பெருஞ்சாமை, சடஞ்சாமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மண், ஒரு பருவம் வைத்திருந்த மலை இது. கம்பெனிக்கு ஒரே நிறம், ஒரே அளவு வேண்டும். கொடுக்கலாம், ஒரு கொல்லையில். ஆனால் மற்ற ரகங்களை விதைக்காமல் விட்டால் மூன்று வருஷத்தில் குதிரில் விதையே இருக்காது. 2001ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. வழிவழியாக வைத்திருக்கிற ரகத்தை ஊர்ப் பெயரிலேயே பதிவு செய்யவும் வழி இருக்கிறது. அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

சாமையோடு நிற்காது என்பதால் இதையும் எழுதுகிறேன். செம்மேட்டிலும் அறப்பளீஸ்வரர் கோயில் வழியிலும் முடவாட்டுக்கால் சூப் எப்படி விற்கிறது என்று பார்க்கிறீர்களே. எழுபது கொண்டை ஊசி வளைவையும் சைக்கிளில் மிதித்து ஏறி வருகிற பையன்கள் முதல், மூட்டு வலிக்காரர்கள் வரை வரிசையில் நிற்கிறார்கள். மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளர்கிற கிழங்கு அது. விதைத்து வருவதில்லை, பிய்த்த இடத்தில் மறுபடி வளர வருஷமாகும். நாளைக்கு யாராவது அதைப் பொடியாக்கி மாத்திரையில் அடைக்கிறேன் என்று வருவார்கள்.

தெற்கே அகத்தியமலைக் காணிக்காரர்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். 1987இல் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டப் போன காணி ஆட்கள், ஒரு செடியின் சிறு காய்களைத் தின்றபடி களைப்பே இல்லாமல் மலை ஏறினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து கேரள அரசின் தாவர ஆராய்ச்சி நிலையம் ஜீவனி என்ற சத்து மருந்தை உருவாக்கி, 1995இல் கோவையின் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடிக்குப் பங்கு கொடுத்ததற்காக உலகமே பாராட்டிய ஏற்பாடு அது. அதிலும் குறை வந்தது. சில ஊர்களைக் கேட்டு முடித்தார்கள், மற்ற மலை ஊர்க் காணிகள் எங்களை யாரும் கேட்கவில்லை என்றார்கள். காட்டிலிருந்து செடி எடுப்பதிலும் வனத்துறையோடு சிக்கல் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் சான் என்ற வேட்டைக்காரர்கள் நெடுந்தூரம் போகும்போது பசி தெரியாமல் இருக்க ஹூடியா என்ற சதைப்பற்றுள்ள செடியை மெல்லுவார்கள். அவர்களைக் கேட்காமலேயே அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் அதற்குக் காப்புரிமை வாங்கி, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. போராடி 2003இல் பங்கு ஒப்பந்தம் வாங்கினார்கள் சான் மக்கள். 2008இல் யூனிலீவர், பாதுகாப்பும் பலனும் போதவில்லை என்று அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஒப்பந்தம் இருந்தும் எதிர்பார்த்த பணம் வரவில்லை. உடம்பைக் குறைக்கிற வியாபாரத்தில் இப்படித் திடீரென்று கைகழுவிப் போவது அதிசயம் இல்லை.

நம் நாட்டில் 2002இல் உயிரினப் பல்வகைமைச் சட்டம் வந்தது. ஊராட்சிக்கு ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது அது. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலின் மேல் உங்களுக்கு உரிமை கொடுக்கிறது. தேவனூர் நாட்டில் அந்த மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பெண்கள் பெயர் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். மருந்துக் கம்பெனி வருகிற நாளில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கடைசியாக நம் வீட்டு அடுப்பு. தமிழ்நாட்டில் 40 சதவீதப் பெண்கள் கூடுதல் எடை என்று சொன்ன அதே கணக்கெடுப்புதான், 12.6 சதவீதப் பெண்கள் இருக்க வேண்டிய எடைக்கும் கீழே இருப்பதாகவும், பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகவும் சொல்கிறது. மலையில் பிரசவத்துக்குப் போகிற பெண்களின் கார்டைப் பாருங்கள், அவர்கள் எந்தப் பக்கம் என்று தெரியும். சாமையும் கேழ்வரகும் முழுதும் மூட்டை கட்டிக் கீழே போய், நம் பிள்ளைகள் மூன்று வேளையும் ரேஷன் அரிசியில் ரசம் ஊற்றிச் சாப்பிடுகிற நிலை வந்தால் அந்த வருமானத்தால் என்ன பிரயோசனம்? ஒரு கேழ்வரகுக் களியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை மருந்துக் கடையில் மாத்திரையாக வாங்கும்படி ஆகிவிடும். அறுவடையில் வீட்டுக்கு வருஷச் சாப்பாடும் அடுத்த விதைப்புக்கான விதையும் எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் விற்பனைக்கு என்று குழுவில் தீர்மானம் போடுங்கள். அங்கன்வாடிக்குச் சாமைப் பொங்கலும் கேழ்வரகு உருண்டையும் நம் குழுவே கொடுக்க முடியுமா என்று வட்டார அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

கம்பெனியை விரட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. வாங்க வருகிறவர் இருப்பது நல்லது. காகிதத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். குத்திய அரிசியாகத்தான் கொடுப்போம், விளைச்சலில் பாதிக்கு மேல் கொடுக்க மாட்டோம், கிலோவுக்குக் கீழ்விலை இவ்வளவு என்று எண்ணில் எழுத வேண்டும், விதை எங்களுடையது, உடம்பு குறையும் என்ற வாசகமும் எங்கள் போட்டோவும் சேர்ந்து வரக் கூடாது என்று சொல்லுங்கள். இதற்கு ஒத்துக்கொண்டால் ஒரு வருஷத்துக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் நமக்கு அவசரம் ஒன்றும் இல்லை, குதிரில் சாமை கெடாது.

கூட்டத் தேதியை அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள். அந்தக் காகிதத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்ட நான் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அதுவரை யாரும் கைநாட்டும் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பெண்